சட்டத்தைக் காக்கப் பெஞ்சுக் காலோடு வந்தவர்கள்

கேள்வி இது: வெளியே பகைவன் யாரும் மிரட்டாதபோதே ஒரு குடியரசு உள்ளிருந்து எப்படிச் சரிகிறது? சட்டத்தின் மீதான மதிப்பு தேய்வதுதான் காரணமா, இல்லை அது வேறு நோயின் அறிகுறி மட்டும்தானா?

ரோமை வைத்துப் பதில் சொல்கிறேன். சுமார் நூறு ஆண்டுகள் படிப்படியாகச் சரிந்த கதை, அதற்குள்ளேயே வாழ்ந்தவர்களின் கடிதங்களோடு சேர்ந்து நமக்குக் கிடைத்திருப்பது அங்கேதான்.

ரோம் என்றதும் பெரும்பாலானவர்கள் கி.மு. 49-ல், தளபதி சீசர் படையோடு எல்லை ஆறான ரூபிகானைக் கடந்து சொந்த நாட்டின் மேலேயே வந்ததிலிருந்து தொடங்குவார்கள். சாவு வீட்டில் போய் நின்றுகொண்டு காய்ச்சல் எப்போது வந்தது என்று கேட்பது மாதிரி அது. காய்ச்சல் வந்தது அதற்கு 84 ஆண்டுகளுக்கு முன்னால், கி.மு. 133-ல்.

அன்றைய ரோமை முதலில் கொஞ்சம் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த ஊரில் போலீஸ் கிடையாது. நகர எல்லைக்குள் ஆயுதம் ஏந்திய படை நுழையக் கூடாது. நாட்டின் தலைமை அதிகாரிகளாக ஆண்டுக்கு இரண்டு கான்சல்கள்; ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். கான்சலுக்கு முன்னால் கம்புக்கட்டைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு சேவகர்கள் நடப்பார்கள். நகருக்குள் வரும்போது அந்தக் கட்டிலிருந்து கோடரியை உருவி வைத்துவிட வேண்டும். எளிய மக்களைக் காக்க டிரிப்யூன்கள் பத்துப் பேர். எந்த அதிகாரியின் ஆணையையும் ஒரே சொல்லில் நிறுத்தும் உரிமை அவர்களுக்கு உண்டு. அவர்கள் உடல் மீது யாரும் கை வைக்கக் கூடாது என்பது தெய்வத்தின் பேரில் எடுத்த சத்தியம்.

ஊரை அடக்கி வைத்திருந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் வழக்கம். 'முன்னோர் வழக்கம்' என்றே அதற்கு அவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். எழுதப்படாத அந்த வழக்கத்தை மீற எல்லோருக்கும் கூச்சம் இருந்தது. மேட்டுக்குடிக்கும் எளியவர்களுக்கும் தகராறு வராமல் இல்லை. வந்தபோது எளியவர்கள் மொத்தமாக ஊரைவிட்டு வெளியேறிக் குன்றின் மேல் போய் உட்கார்ந்தார்கள். பேச்சு நடந்தது, புதுச் சட்டம் வந்தது, திரும்பினார்கள். அரசர்களை விரட்டிய பிறகு ஊருக்குள் அரசியல் சண்டையில் ரத்தம் சிந்தியதே இல்லை என்பதுதான் பிற்கால ரோமர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட கதை.

கி.மு. 133-ல் டிரிப்யூனாக வந்த திபேரியஸ் கிராக்கஸ் கேட்டது நிலம். போரில் பிடித்த பொது நிலத்தில் ஒருவர் 500 யூகெரா, அதாவது சுமார் 310 ஏக்கர்தான் வைத்திருக்கலாம் என்ற பழைய வரம்பு ஏற்கெனவே இருந்தது, யாரும் மதிக்கவில்லை. வரம்புக்கு மேல் இருப்பதை எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுப்போம் என்றார். இன்னொரு டிரிப்யூன் ஆக்டேவியஸ் தடை போட்டார். வழக்கப்படி விஷயம் அங்கேயே நின்றிருக்க வேண்டும். கிராக்கஸ் மக்கள் சபையைக் கூட்டி, வாக்கெடுத்து, ஆக்டேவியஸைப் பதவியிலிருந்தே இறக்கினார். அதற்கு முன் யாரும் செய்யாதது அது. பிறகு, வழக்கத்துக்கு மாறாக, அடுத்த ஆண்டுக்கும் தானே போட்டியிடுவதாக அறிவித்தார். நியாயம் அவர் பக்கம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் முதல் ஆணியைப் பிடுங்கியவர் அவர்தான். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

வாக்களிப்பு நாளன்று மேட்டுக்குடியின் மன்றமான செனட் கூடியது ஃபிடீஸ் கோயிலில். ஃபிடீஸ் என்றால் கொடுத்த வாக்குக்கு உரிய தெய்வம். 'இவனைப் பலத்தால் அடக்கு' என்று செனட்டர்கள் கான்சல் ஸ்கைவோலாவை நெருக்கினார்கள். ஸ்கைவோலா சட்டம் படித்தவர். விசாரணை இல்லாமல் எந்தக் குடிமகனையும் கொல்ல மாட்டேன், சபை சட்டத்துக்குப் புறம்பாக ஏதாவது தீர்மானித்தால் அது செல்லாது என்று பார்த்துக்கொள்கிறேன் என்றார். இந்தக் கதை முழுவதிலும் நான் தலைவணங்கும் பதில் இதுதான். உடனே ஸ்கிபியோ நாசிகா என்ற செனட்டர் எழுந்தார்; அவர் தலைமைப் பூசாரியும்கூட. 'கான்சலே நாட்டைக் காட்டிக்கொடுக்கிறார். சட்டத்தைக் காக்க விரும்புகிறவர்கள் என் பின்னால் வாருங்கள்' என்று மேலாடையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தார். பின்னால் போன செனட்டர்கள் வழியில் கிடந்த பெஞ்சுகளின் கால்களை உடைத்துக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கிராக்கஸும் 300 பேருக்கு மேலும் அன்று அடித்தே கொல்லப்பட்டார்கள். ஒருவர் உடம்பிலும் இரும்புபட்ட காயம் இல்லை என்று பிற்கால வரலாற்றாசிரியர் புளூட்டார்க் குறிக்கிறார். உடலைக் கேட்டு வந்த தம்பிக்கு அதைக் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் டைபர் ஆற்றில் எறிந்தார்கள்.

நாசிகாவின் வாயிலிருந்து வந்த சொல் சட்டம்தான். உங்கள் கேள்விக்கு என் பதிலும் அதைச் சுற்றித்தான். ரோமில் சட்டத்தை வெறுத்து அதை உடைத்தவர்கள் குறைவு. அதைக் காக்கிறேன் என்று சொல்லி உடைத்தவர்களே அதிகம். ஒரு முறை உடைத்ததால் மட்டும் ஊர் அழிந்துவிடாது. உடைத்தவன் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போக முடிந்தால், அதைப் பார்த்துக்கொண்டிருந்த அடுத்தவன் கற்றுக்கொள்கிறான். நாசிகா மீது வழக்கு வரவில்லை. தூதுக்குழுவில் போட்டு ஆசியாவுக்கு அனுப்பிவைத்தார்கள், அங்கேயே இறந்தார். கிராக்கஸின் ஆட்களைத்தான் மறு ஆண்டு சிறப்பு விசாரணை வைத்துத் தண்டித்தார்கள். இதைவிடக் கசப்பானது ஒன்று: அந்த ஸ்கைவோலாவே பிற்பாடு நாசிகா செய்ததை ஆதரித்தார் என்று அடுத்த நூற்றாண்டின் வக்கீலும் அரசியல்வாதியுமான சிசரோ சொல்கிறார். முடிந்த காரியத்தை எதிர்த்து என்ன ஆகப் போகிறது என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கலாம்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தம்பி கயஸ் கிராக்கஸின் முறை. மக்கள் ஒப்புதல் இல்லாமல் குடிமகனின் உயிரைப் பறிக்கும் தண்டனை கூடாது என்று சட்டமே கொண்டுவந்தவர் அவர். கி.மு. 121-ல் கலகம் மூண்டபோது செனட் ஒரு வரியில் தீர்மானம் போட்டது: குடியரசுக்குக் கேடு வராமல் கான்சல் பார்த்துக்கொள்ளட்டும். எந்த அதிகாரம், எதுவரை, யாருக்கு எதிராக என்று அந்த வரியில் எதுவும் இல்லை. கான்சல் ஒபிமியஸ் அதற்குத் தனக்குத் தோன்றிய பொருளை எடுத்துக்கொண்டார். கயஸின் தலையைக் கொண்டுவந்தால் எடைக்கு எடை தங்கம் என்று அறிவித்தார். கொண்டுவந்த ஆள் மூளையை எடுத்துவிட்டு ஈயத்தை ஊற்றிக் கொண்டுவந்தானாம். தராசில் பதினேழரை ராத்தலுக்கு மேல் நின்றதாம். செத்தவர்கள் 3,000 பேர் என்று ஒரு கணக்கு. இந்த முறை வழக்கு நடந்தது. நடந்து, கி.மு. 120-ல் ஒபிமியஸ் விடுதலை ஆனார். முன்பு மறைவாக இருந்த வழி இப்போது நீதிமன்றத்தின் முத்திரையோடு திறந்துவிட்டது. அதோடு அவர் ஒற்றுமைத் தெய்வத்துக்குக் கோயிலும் எடுத்தார். பித்துப்பிடித்த பகைதான் ஒற்றுமைக்குக் கோயில் கட்டுகிறது என்று இரவில் யாரோ அதன் மேல் எழுதிவைத்தார்கள்.

அடுத்த முப்பது ஆண்டுகளை வேகமாகத் தாண்டுகிறேன். தளபதி மாரியஸ் சொத்தில்லாத ஏழைகளைப் படையில் சேர்த்தார், தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கான்சலாக இருந்தார், ஆண்டுக்கு ஆள் மாறும் பழக்கம் ஆட்டம் கண்டது. சொத்தில்லாத சிப்பாய்க்கு ஓய்வுக்குப் பிறகு நிலம் வேண்டும். அதைச் செனட் தராது, தளபதிதான் வாங்கித் தருவான். இந்தக் கணக்கின் விளைவு கி.மு. 88-ல் தெரிந்தது.

அந்த ஆண்டின் கான்சல் சுல்லா. கிழக்கே மித்ரிடேட்ஸ் மன்னனுக்கு எதிரான படைத் தலைமை முறைப்படி அவருக்குத்தான் கிடைத்திருந்தது. டிரிப்யூன் சுல்பிசியஸ் கும்பல் பலத்தோடு ஒரு சட்டம் போட்டு அதைப் பிடுங்கி மாரியஸுக்குக் கொடுத்தார். சுல்லா ஆறு படைப்பிரிவுகளோடு ரோமை நோக்கித் திரும்பினார். அவருடைய உயர் அதிகாரிகளில் ஒரே ஒரு கருவூல அதிகாரியைத் தவிர எல்லோரும் அவரை விட்டு ஓடிவிட்டார்கள். சிப்பாய் ஒருவனும் ஓடவில்லை. சொந்த ஊர் மேல் படை நடத்துவதா என்ற கூச்சம் மேலே இருந்தவர்களிடம் இன்னும் மிச்சமிருந்தது. கீழே இருந்தவனுக்கு அந்த ஊர் கூச்சப்படும் அளவுக்கு எதையும் கொடுத்திருக்கவில்லை. இங்கே ஒரு சின்னக் காட்சி. ஒளிந்திருந்த சுல்பிசியஸை அவருடைய அடிமை காட்டிக்கொடுத்தான். சுல்லா அவனுக்கு வாக்களித்தபடி விடுதலை கொடுத்தார்; பிறகு எஜமானைக் காட்டிக்கொடுத்த குற்றத்துக்காக, குற்றவாளிகளைத் தள்ளிக் கொல்லும் டார்பியன் பாறையிலிருந்து தள்ளிவிடச் செய்தார். ஊர் மேலேயே படை நடத்தி வந்தவருக்கு விசுவாசத்தின் மேல் அவ்வளவு அக்கறை.

கி.மு. 82-ல் உள்நாட்டுப் போரை வென்று மறுபடி வந்தபோது சுல்லா சந்தை மைதானத்தில் பெயர்ப் பட்டியல் ஒட்டினார். பட்டியலில் இருப்பவனை யாரும் கொல்லலாம், கொன்றவனுக்குப் பரிசு, சொத்து ஏலத்துக்கு. அரசியலில் எந்தப் பக்கமும் சேராத குயின்டஸ் அவுரேலியஸ் என்பவர் வேடிக்கை பார்க்கப் போய்த் தன் பெயரையே அதில் படித்தார். 'என் ஆல்பா தோட்டம் என்னைத் துரத்துகிறது' என்றார். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, துரத்தி வந்தவன் வெட்டிவிட்டான்.

சுல்லா வெறும் கொடுங்கோலர் இல்லை. டிக்டேட்டர் என்பது ஆறு மாதத்துக்கு மட்டுமான அவசரகாலப் பதவி; 120 ஆண்டுகளாக யாரும் வகிக்காதது. அதைக் கால வரம்பில்லாமல் எடுத்துக்கொண்டு அரசியலமைப்பைத் திருத்தி எழுதினார். எந்த வயதில் எந்தப் பதவி, எந்தக் குற்றத்துக்கு எந்த நீதிமன்றம், டிரிப்யூன் எதைச் செய்யலாம் என்று எல்லாம் ஒழுங்காக எழுதிவைத்துவிட்டுப் பதவியைத் துறந்து வீட்டுக்குப் போனார். கி.மு. 78-ல் இறந்தார். எட்டே ஆண்டில், கி.மு. 70-ல், தளபதிகள் பாம்பியும் கிராஸஸும் கான்சல்களாக வந்து டிரிப்யூன்களுக்குப் பழைய அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்போது பாம்பி கான்சல் ஆனதே சுல்லா வகுத்த வயது வரம்பையும் பதவி வரிசையையும் மீறித்தான். அதற்கு முன் அவர் ஒரு சின்னப் பதவிகூட வகித்ததில்லை. சுல்லா எழுதிய சட்டங்களை யாரும் மனப்பாடம் செய்யவில்லை, அவர் செய்த காரியத்தைத்தான் செய்தார்கள். 'சுல்லாவால் முடிந்தது, என்னால் முடியாதா?' என்பது பாம்பி அடிக்கடி சொன்ன வாசகம் என்று சிசரோ ஒரு கடிதத்தில் எழுதுகிறார். அதே பாம்பி இளம் தளபதியாகச் சிசிலியில் இருந்தபோது, ஒரு நகரத்தார் தங்கள் பழைய சட்ட உரிமையை எடுத்துச் சொன்னார்கள். இடுப்பில் வாள் கட்டியிருக்கும் எங்களிடம் சட்டம் படித்துக் காட்டுவதை நிறுத்த மாட்டீர்களா என்று கேட்டாராம்.

வாள் ஒரு பக்கம் இருக்கட்டும், பணத்துக்கு வருவோம். சிசிலியை மூன்றாண்டுகள் ஆண்ட வெரஸ் ஒரு கணக்கு வைத்திருந்ததாகச் சிசரோ குற்றம்சாட்டினார்: முதல் ஆண்டுக் கொள்ளை தனக்கு, இரண்டாம் ஆண்டுக் கொள்ளை வக்கீல்களுக்கு, மூன்றாம் ஆண்டுடையது நீதிபதிகளுக்கு. கி.மு. 61-ல் கிளோடியஸ் என்ற அரசியல்வாதி பெண்கள் மட்டுமே கூடும் சடங்கு ஒன்றுக்குள் வேடமிட்டு நுழைந்த வழக்கு வந்தது. தீர்ப்பாளர்கள் தங்களுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்று காவலர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பிறகு 31-க்கு 25 என்று அவரை விடுவித்தார்கள். வெளியே வந்த ஒருவரிடம் முதிய செனட்டர் கேட்டுலஸ் கேட்டது: 'காவல் எதற்குக் கேட்டீர்கள்? வாங்கிய பணத்தை யாராவது பறித்துவிடுவார்கள் என்றா?' கி.மு. 54-ல் தேர்தலுக்கு வாக்கு வாங்கப் பணம் கடன் எடுத்தவர்கள் எவ்வளவு பேர் என்றால், ஜூலை நடுவில் ரோமின் வட்டி ஆண்டுக்கு 4 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக ஏறியது. ஓட்டுக்குப் பணம் என்பது ஓர் ஊரின் கடன் சந்தையையே அசைத்ததற்கு இதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரியாது.

சிசரோவையும் விட முடியாது. கி.மு. 63-ல் அவர் கான்சல். ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற கேட்டிலினாவின் சதி உண்மையானது, ஆபத்து உண்மையானது. பிடிபட்ட ஐந்து பேரை என்ன செய்வது என்று செனட்டில் விவாதம். இன்று நல்ல காரணத்துக்காகச் செய்வது நாளைக்குக் கெட்டவன் கையில் முன்னுதாரணமாகும், சிறையில் வைப்போம் என்று எச்சரித்தவர் யார் தெரியுமா? சீசர். கொல்ல வேண்டும் என்று நின்றவர் செனட்டர் கேட்டோ. விசாரணை இல்லாமல் ஐந்து பேரையும் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். சிசரோ வெளியே வந்து கூட்டத்திடம் 'வாழ்ந்தார்கள்' (இப்போது இல்லை என்று பொருள்) என்று ஒரே சொல்லில் அறிவித்தார். கி.மு. 58-ல் கிளோடியஸ் அந்தச் செயலையே பிடித்துச் சட்டம் போட்டு அவரை நாடுகடத்தினார், வீட்டை இடித்தார், அந்த மனையில் விடுதலைத் தெய்வத்துக்கு ஒரு கோயிலும் வைத்தார். ரோமில் ஒவ்வொரு அட்டூழியத்துக்கும் பிறகு ஒரு கோயில் எழும்புவதைக் கவனித்திருப்பீர்கள்.

இப்போது ரூபிகானுக்கு வரலாம். கி.மு. 59-ல் சீசர் கான்சலாக இருந்தபோது சக கான்சல் பிபுலஸ் தடை சொல்ல வந்தார். அவர் தலையில் சாணக் கூடையைக் கவிழ்த்தார்கள், சேவகர்களின் கம்புக்கட்டை முறித்தார்கள். பிபுலஸ் ஆண்டு முழுக்க வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க, 'ஜூலியஸும் சீசரும் கான்சலாக இருந்த ஆண்டு' என்று ஊர் கிண்டலடித்தது. அந்த ஆண்டின் அத்துமீறல்களுக்கு வழக்கு நிச்சயம். ஆனால் படைத் தலைமையில் இருக்கும்வரை சீசர் மேல் வழக்குப் போட முடியாது. அவர் படையைக் கலைக்கும் நாளே குற்றம்சாட்டுவேன் என்று கேட்டோ சத்தியமே செய்துகொண்டிருந்தார்.

கேட்டோ சொன்னது சட்டப்படி முழுக்கச் சரி. ஆனால் அன்றைய நீதிமன்றம் எப்படி இருந்தது? கி.மு. 52-ல் கிளோடியஸ் சாலையில் கொலையானார். அவருடைய ஆட்கள் பிணத்தைச் செனட் மண்டபத்துக்குள் வைத்துக் கொளுத்த, மண்டபமே எரிந்து போனது. கொலைவழக்கு கிளோடியஸின் எதிரி மைலோ மேல். நீதிமன்றத்தைச் சுற்றிப் பாம்பியின் சிப்பாய்கள் நிற்க, வாதாட வந்த சிசரோவுக்கே குரல் தடுமாறியது. சீசருக்கும் அதே மாதிரி ஆயுதம் சூழ்ந்த விசாரணைதான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதே ஆண்டு, தேர்தலுக்கு வேட்பாளர் நேரில் வர வேண்டும் என்று பாம்பி சட்டம் கொண்டுவந்தார். சீசருக்கு ஏற்கெனவே தந்திருந்த விலக்கு அதில் விட்டுப்போயிற்று. சட்டம் வெண்கலத்தில் பொறித்துக் கருவூலத்துக்குப் போன பிறகு, மறந்துவிட்டேன் என்று அதில் ஒரு வரி சேர்த்தார். அப்படிச் சேர்த்த வரியை யார் நம்புவார்கள்?

பொறி இதுதான். தோற்றவன் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தவரை ரோமில் யாரும் தோற்கத் தயாராக இருந்தார்கள். தோற்றால் நாடுகடத்தல், சொத்து ஏலம், கழுத்து என்று ஆன பிறகு எவனும் பதவியை விட மாட்டான். கி.மு. 50 டிசம்பரில் செனட்டில் வாக்கெடுப்பு வந்தது: சீசர், பாம்பி இருவருமே படையைக் கலைக்கட்டும். ஆதரவு 370, எதிர்ப்பு 22. அந்த 22 பேர் பக்கம் நின்ற கான்சல் கூட்டத்தைக் கலைத்துவிட்டு, பாம்பியிடம் போய் நாட்டைக் காப்பாற்று என்று வாளைக் கொடுத்தார். 370 பேர் ஆதரித்தும் அதை நிறைவேற்ற ஆளில்லை. சில வாரங்களில் சீசர் ஆற்றைக் கடந்தார். கி.மு. 48-ல் பாம்பியை வென்ற ஃபார்சாலஸ் களத்தில் பிணங்களைப் பார்த்து, 'இவர்கள்தான் இதை விரும்பினார்கள். இத்தனை செய்தும், படையின் துணையை நாடாமல் இருந்திருந்தால் எனக்குத் தண்டனைதான் கிடைத்திருக்கும்' என்றாராம். பாதி சாக்கு, பாதி உண்மை.

இதெல்லாம் ஏற்றத்தாழ்வின் கதை, சட்டம் வெறும் மேற்பூச்சு என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நிலமும் பசியும் இல்லாமல் கிராக்கஸும் இல்லை, சுல்லாவின் சிப்பாயும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முந்தைய நூற்றாண்டுகளிலும் பசி இருந்தது, கடனுக்கு அடிமையாகும் கொடுமை இருந்தது. அப்போது பேசித் தீர்க்க ஒரு வழி இருந்தது. பசி விறகு. அதைச் சுற்றியிருந்த அடுப்பைப் பெஞ்சுக் காலால் உடைத்தவர்கள் வயிறு நிறைந்தவர்கள். இது ரோமுக்கு மட்டுமான கதையும் இல்லை. 1923 நவம்பரில் மியூனிக்கில் ஹிட்லர் நடத்திய கலகத்தில் நான்கு போலீஸார் செத்தார்கள். நீதிமன்றம் கொடுத்தது ஐந்தாண்டு. வெளிநாட்டவரை நாடுகடத்தச் சொன்ன குடியரசுப் பாதுகாப்புச் சட்டம், ஆஸ்திரியரானாலும் ஜெர்மானியராகவே சிந்திக்கும் இவருக்குப் பொருந்தாது என்றார்கள் நீதிபதிகள். 1924 டிசம்பரில் ஆள் வெளியே. ஒபிமியஸை விடுவித்தவர்களின் அதே கரிசனம்.

ரோமின் கடைசிக் காலத்தில் எனக்கு அதிகம் உறைப்பது ரத்தத்தைவிடச் சிரிப்புதான். கி.மு. 45-ன் கடைசி நாள் காலையில் ஒரு கான்சல் இறந்தார். மீதியிருந்த சில மணி நேரத்துக்குச் சீசர் கனினியஸ் என்பவரைக் கான்சல் ஆக்கினார். அவர் பதவிக்காலம் முழுவதும் கண்ணிமைக்கும் நேரம்கூடத் தூங்காமல் விழிப்பாக இருந்தார் என்று சிசரோ நண்பருக்கு எழுதினார். தூரத்தில் இருப்பதால் உனக்குச் சிரிப்பு வருகிறது, இங்கே இருந்தால் கண்ணீரை அடக்க மாட்டாய் என்றும் அதே கடிதத்தில் எழுதினார். இரண்டாண்டு கழித்து, சீசர் கொலையான பின் ஆட்சியைப் பிடித்துப் புதிய கொலைப் பட்டியல் ஒன்று போட்ட மூவர் சிசரோவின் தலையையும் கைகளையும் அவர் பேசிய மேடையிலேயே மாட்டிவைத்தார்கள். அந்த மூவரில் இளையவர் ஆக்டேவியன். அதற்குச் சில மாதங்கள் முன்பு, இருபது வயது நிறையாத அவரைக் கான்சல் ஆக்கச் செனட் தயங்கியபோது, அவர் அனுப்பிய நூற்றுவர் தலைவன் மேலாடையை விலக்கி வாள்பிடியைக் காட்டினான்: 'நீங்கள் ஆக்காவிட்டால் இது ஆக்கும்.'

ஆக்டேவியன்தான் பிறகு அகஸ்டஸ். அவர் செனட்டை ஒழிக்கவில்லை. கான்சல் தேர்தல் நடந்தது, டிரிப்யூன்கள் இருந்தார்கள், பதவிகளின் பெயரெல்லாம் அப்படியே இருந்தன. கி.மு. 28-ல் அவர் அடித்த தங்கக் காசு ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் அவருடைய தலை. மறுபக்கம் அவர் கான்சல் நாற்காலியில் உட்கார்ந்து கையில் ஒரு சுருளை நீட்டிக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் எழுத்து: ரோம மக்களுக்குச் சட்டங்களையும் உரிமைகளையும் இவர் மீட்டுக் கொடுத்தார்.